பற்றுச்சீட்டு

கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு நாணுதல் நம்மிடத்தில் வேரூன்றிய ஒரு குணம். பந்தியில் அமர்ந்து, பசி தீராதபோதும், இன்னும் சிறிது சோறு வேண்டும் என்று கேட்க நாணுவோம். கடனாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க நாணுவோம். கடையில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு சீட்டுக் கேட்கவும் நாணுவோம். இந்நாணத்தை நான் நெடுங்காலம் பண்பாடு என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்குக் கற்பித்தவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். அவர் கற்பித்த இடம் பள்ளிக்கூடம் அன்று. தூத்துக்குடியில் உள்ள ஓர் உணவு விடுதி.

அம்மாணாக்கர் சரக்குக் கப்பல் ஒன்றின் பொறிப்பகுதியில் பணி புரிபவர். ஆண்டில் எட்டு ஒன்பது திங்கள் கடலிலும் எஞ்சிய நாள்களில் ஊரிலும் இருப்பார். ஊருக்கு வந்தால் என்னைக் காணாமல் திரும்புவதில்லை. சென்ற முறை வந்தபோது, "ஐயா, இன்று மாலை தாங்கள் என்னோடு உண்ண வேண்டும். பல ஆண்டுகளாகச் சீனத் துறைமுகங்களுக்குச் சென்று வருகிறேன். அந்நாட்டு உணவை நம் ஊரில் எவ்வாறு சமைக்கிறார்கள் என்று பார்ப்போம்" என்று அழைத்தார். நான் மரக்கறி உண்பவன். ஆதலின் சீன உணவு என்றதும் சற்றுத் தயங்கினேன். "காய்கறி மட்டுமே கேட்போம், ஐயா" என்று அவர் உறுதி கூறிய பின்னரே உடன் சென்றேன்.

விடுதியின் வாயிலில் சிவந்த காகித விளக்குகள் தொங்கின. சுவரில் நெருப்பைக் கக்கும் பறவை நாகம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. நாங்கள் சூப்பு அருந்தினோம். நூடுல்சும் பிரைடு ரைசும் கோபி மஞ்சூரியனும் உண்டோம். "ஐயா, இந்தக் கோபி மஞ்சூரியனைச் சீனத்தில் எந்த ஊரிலும் நான் கண்டதில்லை. இது நம் நாட்டிலேயே பிறந்த சீன உணவு" என்று சொல்லி அவர் நகைத்தார். எந்நாட்டில் பிறந்ததாயினும் சுவைக்குக் குறைவில்லை.

உண்டு முடித்ததும் பணியாளர் ஒரு துண்டுத் தாளைக் கொணர்ந்து வைத்தார். அதில் கடையின் பெயர் இல்லை, நாள் இல்லை, எண்ணும் இல்லை. '640, வரி 32, ஆக 672' என்று எழுதுகோலால் கிறுக்கியிருந்தது. மாணாக்கர் எழுந்து பணம் வாங்கும் மேசைக்குச் சென்றார். நானும் பின்சென்றேன்.

"அண்ணாச்சி, முறையான பில் ஒன்று கொடுங்கள்" என்றார் அவர்.

மேசையில் இருந்தவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "கணினி பழுதாய் இருக்கிறது, அண்ணாச்சி. பில் வேண்டாமென்றால் அந்த 32 ரூபாயைத் தள்ளிவிடுகிறேன். 640 மட்டும் கொடுங்கள்" என்றார்.

"தள்ள வேண்டா. வரியையும் சேர்த்தே தருகிறேன். பில் கொடுங்கள். கணினி பழுதானால் கையால் எழுதித் தந்தாலும் போதும்."

"குளிர்ந்த பானம் ஒன்று தரச் சொல்லட்டுமா? ஐயாவும் உடன் வந்திருக்கிறார்."

எங்கள் பின்னால் பணம் செலுத்த இருவர் வந்து நின்றனர். அவர்கள் எங்களையே நோக்கினர். எனக்கு முகம் சிவந்தது. மாணாக்கரின் தோளைத் தொட்டு, "தம்பி, விட்டுவிடு. முப்பத்திரண்டு ரூபாய்க்காக இவ்வளவு நேரம் நிற்க வேண்டுமா? அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று மெல்லக் கூறினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பார்வையில் சினம் இல்லை. "ஐயா, அன்றும் தாங்கள் இவ்வாறுதான் நினைத்தீர்கள்" என்றார்.

அவ்வொரு சொல் என்னை முப்பது ஆண்டுகளுக்கும் அப்பால் கொண்டு சென்றது.

அப்போது அவர் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் ஒன்றில் மட்டும் தவறி, தனித்தேர்வராக மீண்டும் எழுதக் காத்திருந்தார். தந்தையார் உப்பளத் தொழிலாளி. தேர்வுக் கட்டணத்தை அன்னையார் சிறுகச் சிறுகச் சேர்த்து, முடிச்சோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதனை விண்ணப்பத்தோடு, அத்தகைய பணிகளை முடித்துத் தரும் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் வயதில் என்னினும் மூத்தவர். எனக்கு நன்கு பழகியவர். "இரசீது வேண்டுமா?" என்று அவரே ஒரு சொல் கேட்டார். "தங்களிடமா இரசீது கேட்பேன்?" என்று கைகூப்பிவிட்டு வந்தேன். அவ்விடை எனக்கு அன்று மிக அழகாய்த் தோன்றியது.

தேர்வு நெருங்கியது, நுழைவுச்சீட்டு வரவில்லை. உசாவியபோது, பணம் கட்டப்பட்டதற்கு எங்கும் பதிவு இல்லை என்றனர். அப்பெரியவரோ கட்டிவிட்டதாகவே கூறினார். அவர் மறந்தாரா, வேறெங்கேனும் தவறு நேர்ந்ததா என்பதை இன்றளவும் நான் அறியேன். காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. புதிதாகக் கட்டணம் செலுத்துவதற்கும் காலம் கடந்துவிட்டது. அடுத்த தேர்வில் அம்மாணாக்கர் எழுதித் தேறினார்; எனினும் அதற்குள் அவ்வாண்டு தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவரைச் சேர்க்கும் காலம் முடிந்துவிட்டது. ஆதலால் ஓராண்டு முழுதும் அவர் உப்பளத்தில் உப்பு வாரினார். பாத்தியின் உவரால் வெடித்த அவருடைய பாதங்களை நான் கண்டிருக்கிறேன். அவர் என்னை ஒருநாளும் நொந்து பேசியதில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாய் இருந்தது.

நாணம் என்னுடையது, நட்டம் அவருடையது. இதனை நான் அன்றே உணர்ந்திருக்க வேண்டும். ஆனால், விடுதி மேசையின் முன் நின்ற அந்த மாலையில்தான் அது எனக்கு விளங்கியது. நான் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மேசையில் இருந்தவரை நோக்கி, "ஐயா, பில் ஒன்று கொடுங்கள், காத்திருக்கிறோம்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கணினியைத் தட்டினார். பழுது என்று சொல்லப்பட்ட அப்பொறி உடனே ஒரு சீட்டை அச்சிட்டு நீட்டியது. மாணாக்கர் 672 ரூபாயை எண்ணி வைத்து, "நன்றி, அண்ணாச்சி. சமையல் நன்றாய் இருந்தது" என்று மலர்ந்த முகத்தோடு கூறி வெளிவந்தார்.

கடற்கரைச் சாலையில் காற்று வாங்கியபடி நடந்தோம். அச்சீட்டை அவர் என்னிடம் கொடுத்து, தெருவிளக்கின் ஒளியில் படிக்கச் செய்தார். செய்யுளுக்கு உரை கூறியே பழகிய எனக்கு, அவர் அச்சீட்டிற்கு உரை கூறினார்.

அதன் தலைப்பில் கடையின் பெயரும் முகவரியும் இருந்தன. அவற்றின் கீழே 15 இடங்கள் கொண்ட ஓர் எண் இருந்தது. அதுவே கடைக்காரர் சரக்கு மற்றும் சேவை வரிக்காகப் பதிவு செய்துகொண்ட எண். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற கடையாயின் அவ்வெண் 33 என்று தொடங்கும். அதன் கீழே சீட்டின் வரிசை எண்ணும் நாளும் இருந்தன. உணவின் விலை 640 ரூபாய். மைய அரசின் வரி நூற்றுக்கு இரண்டரை வீதம் 16 ரூபாய். மாநில அரசின் வரி அவ்வாறே 16 ரூபாய். இவ்வரி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 15 முதல் பெரும்பாலான உணவு விடுதிகளுக்கு வரி நூற்றுக்கு ஐந்து என வகுக்கப்பட்டது.

"ஐயா, வரிசை எண்தான் இதன் உயிர். 57ஆம் எண்ணுக்கும் 59ஆம் எண்ணுக்கும் இடையே 58 இருந்தே ஆக வேண்டும். கிறுக்கிய தாளுக்கு எண் இல்லை; ஆகவே கணக்கும் இல்லை. அத்தாளை வாங்கிக்கொண்டு நாம் 672 ரூபாய் கொடுத்திருந்தால், அரசின் பெயரைச் சொல்லித் தண்டிய 32 ரூபாய் எங்கே போயிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?" என்று அவர் வினவினார்.

"ஆயின், அவர்தாம் வரியைத் தள்ளிவிடுவதாகச் சொன்னாரே?" என்றேன்.

"தள்ளியிருந்தால் அந்த 32 ரூபாயை நானும் அவரும் கூடி மறைத்தவர்களாவோம். எனக்குக் கிடைத்த இலாபம் வேறொருவருக்கு நட்டம் ஆகும். அவர் நம் மேசையில் அமர்ந்திருக்கவில்லை. ஆதலால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவே வேறுபாடு" என்றார். அந்த 'வேறொருவர்' ஒரு காலத்தில் தாமாகவே இருந்ததை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பின்னர் அவர் சீன நாட்டு வழக்கத்தை விரித்துரைத்தார். அங்கே இத்தகைய சீட்டினை 'ஃபாபியாவ்' என்பர். கடைக்காரர் தம் விருப்பம்போல் எழுதித் தரும் தாளன்று அது. வரித்துறையின் கட்டுப்பாட்டில் வெளிவருவது. முன்னாளில் அச்சிட்ட தாளாய் இருந்தது. இப்போது பெரும்பாலும் கைப்பேசிக்கு மின்னணு வடிவில் வருகிறது. அலுவல் செலவைத் தம் நிறுவனத்திடம் திரும்பப் பெற விரும்புவோர் அதனைக் காட்டியாக வேண்டும். ஆகவே, உணவு விடுதியில் உண்டு எழுந்ததும் அதனைக் கேட்பது அங்குப் பலருக்கும் இயல்பான பழக்கம். கேளாதவரும் உளர், கொடுக்க விரும்பாத கடைக்காரரும் உளர். சீட்டுக்கு மாற்றாகக் குளிர்ந்த பானமோ விலைக்குறைவோ தருவதாகச் சொல்லும் வழக்கத்தையும் அவர் அங்குக் கண்டிருக்கிறார். "அங்கும் அதே பானம், இங்கும் அதே பானம்" என்று அவர் சொன்னபோது இருவரும் வாய்விட்டு நகைத்தோம்.

மக்களைச் சீட்டுக் கேட்கச் செய்வதற்குச் சீன அரசு ஒரு வழியைக் கையாண்டது. சில நகரங்களில், சீட்டின் ஒரு மூலையைச் சுரண்டினால் பரிசுத்தொகை வெளிப்படுமாறு செய்தது. இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1951ஆம் ஆண்டில், தைவான் தீவில் விற்பனைச் சீட்டின் எண்களைக் குலுக்கிப் பரிசளிக்கும் முறை தோன்றியது. இரண்டு திங்களுக்கு ஒருமுறை அக்குலுக்கல் இன்றும் நடைபெற்று வருகிறது. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் 'மேரா பில் மேரா அதிகார்' என்னும் திட்டம் சில மாநிலங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலும் முன்னோட்டமாகத் தொடங்கப்பெற்றது. 'என் பில், என் உரிமை' என்பது அத்தொடரின் பொருள். நம் அண்டையில் உள்ள புதுச்சேரியும் அதில் இடம்பெற்றது. 200 ரூபாய்க்குக் குறையாத பில்லைப் பதிவு செய்தவர்கள் குலுக்கலில் சேர்க்கப்பட்டனர்.

"கடமையைச் செய்வதற்குப் பரிசா? இது தாழ்வல்லவா, தம்பி?" என்று நான் கேட்டேன்.

"வெண்பாவைப் பிழையின்றி ஒப்பித்தால் தாங்கள் எங்களுக்குக் கற்கண்டு தருவீர்களே, ஐயா! கற்கண்டுக்காகப் படித்தோம், கற்கண்டு தீர்ந்த பின்னும் வெண்பா நினைவில் நிற்கிறது" என்றார். ஆசிரியர் மாணாக்கரிடம் தோற்பதில் ஓர் இன்பம் உண்டு. அதனை அன்று நுகர்ந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சீட்டுக் கேட்பது நம் மரபுக்கு ஒவ்வாதது என்று நான் எவ்வாறு எண்ணினேன்? நம் மரபு என்னதான் சொல்கிறது? ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன்.

நம் ஊர்த் திருமணங்களில் மொய் எழுதுகிறோம். மாமனே பணம் கொடுத்தாலும் அவர் பெயரையும் ஊரையும் தொகையையும் ஏட்டில் எழுதுகிறோம். எழுதுவதைக் கண்டு எந்த மாமனும் சினங்கொண்டதில்லை. எழுதாவிட்டால்தான் சினம் வரும். அன்பு உள்ள இடத்திலேயே கணக்கும் இருக்கிறது.

நம் கோயில்களைப் பாருங்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள திருச்செந்தூர்க் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இறைவன் வழிபாட்டிற்காக 1400 காசுகள் வழங்கப்பட்டதையும், அவை பல ஊர்ச் சபைகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டதையும், அவற்றின் வட்டியைக் கொண்டு வழிபாடு நிகழ வேண்டிய முறையையும் அது விரித்துரைக்கிறது. கொடுத்தவன் அரசன், பெற்றவர்கள் ஊர்ப்பெரியோர், பொருளோ இறைவனுடையது. அங்கும் எழுத்து வேண்டியிருந்தது. கல்லில் வெட்டிய பற்றுச்சீட்டு என்றே அதனைச் சொல்லலாம்.

இனி, இக்கடற்கரைக்குப் பெயர் தந்த முத்துக்குளிப்பை நோக்குவோம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே கடைசியானவை. ஆங்கிலேயர் காலத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் ஒரு முறை இருந்தது. படகுகள் கரையேறியதும் சிப்பிகளை வேலியிட்ட இடத்திற்குக் கொண்டுவருவர். அங்கே அவற்றைச் சமமான மூன்று குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு குவியல் அரசுக்கு. ஒரு குவியல் மூழ்கியவர்களுக்கு. பிரிப்பவர் குளிகாரர், அரசின் இரு குவியல்களைச் சுட்டுபவர் அலுவலர். எக்குவியல் தமக்கு எஞ்சும் என்பதை அறியாத குளிகாரர், மூன்றையும் ஒன்றுபோலவே பிரித்தாக வேண்டும். இம்முறை எவரையும் கள்வர் என்று கூறவில்லை. எவருக்கும் கள்ளம் செய்ய இடமும் கொடுக்கவில்லை. நல்ல முறை என்பதன் இலக்கணம் இதுவே. பற்றுச்சீட்டும் இத்தகையதே.

பொதுப்பணத்தைக் கையாண்ட பெரியோரும் இவ்வாறே ஒழுகினர். 1894ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியர் காங்கிரசைத் தொடங்கிய காந்தியடிகள், அச்சங்கத்துக்கு வந்த ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கணக்குத் தூய்மையாக இல்லாத இடத்தில் வாய்மையைக் காக்க இயலாது என்பது அவர் கொள்கை. காந்தியடிகளே சீட்டுக் கொடுத்தார் என்றால், அதனை வாங்குவதற்கு நாம் ஏன் நாண வேண்டும்?

மாணவர்களே! சட்டம் சொல்வதையும் நீங்கள் அறிந்திருத்தல் நலம். பில் கொடாதிருப்பது முறையற்ற வாணிகச் செயல் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. வரிச்சட்டத்தில் மற்றொரு குறிப்பு உண்டு. பதிவு பெறாத ஒருவர் 200 ரூபாய்க்குக் குறைவாக ஒரு பொருளை வாங்கும்போது, அவர் கேளாவிடில் கடைக்காரர் தனிச்சீட்டுத் தர வேண்டுவதில்லை. அன்றைய விற்பனை முழுமைக்கும் சேர்த்து ஒரு சீட்டு எழுதிக்கொள்ளலாம். கேட்டாலோ கொடுத்தே தீர வேண்டும். கேட்பவருக்கே கிடைக்கும் என்பதைச் சட்டமே இவ்வாறு உணர்த்துகிறது.

ஆயினும், கேட்பதிலும் ஒரு முறை உண்டு. தெருமுனையில் தேநீர் விற்கும் முதியவளிடம் வரி எண் எங்கே என்று உசாவுதல் அறியாமை. ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாத சிறிய உணவுக்கடைகள் பொதுவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுவதில்லை. ஆண்டு வரவு ஒன்றரைக் கோடிக்கு மேற்படாத விடுதிகள், இணக்க வரி என்னும் எளிய முறையை மேற்கொள்ளலாம். அம்முறையை மேற்கொண்டவர்கள் வரியைத் தம் வரவிலிருந்தே செலுத்த வேண்டும். உண்பவரிடம் தனியே தண்டலாகாது. அதனைத் தம் சீட்டிலும் குறிக்க வேண்டும். எனவே, வரி எண் இல்லாத தாளில் 'வரி' என்று ஒரு தொகை எழுதியிருப்பின், அஃது என்ன வரி என்று கேட்பது நம் உரிமை. அதனையும் இனிய சொல்லால் கேட்க வேண்டும். இனிய சொல்லால் தீராவிடில் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை நாடலாம்.

இச்சீட்டு வாங்குபவரை மட்டும் காப்பதன்று. உணவில் குறையிருந்தால் அங்கு உண்டதற்கு அதுவே சான்று. ஒழுங்காய் வரி செலுத்தும் கடைக்காரர், செலுத்தாத அண்டைக் கடைக்காரரிடம் வாணிகத்தில் தோற்றுவிடாமல் காப்பதும் அதுவே. மேசையில் இருந்து பணம் வாங்கும் பணியாளரின் நேர்மைக்கும், மாலையில் முதலாளி கணக்குப் பார்க்கும்போது, அதுவே துணை நிற்கும்.

மாணாக்கர் விடுமுறை முடிந்து கப்பலுக்குத் திரும்பினார். சில வாரங்களுக்குப் பின், உறவினர் சிறுவன் ஒருவனை அழைத்துக்கொண்டு அதே விடுதிக்குச் சென்றேன். உண்டு முடித்து மேசையை அணுகியபோது, என் நாக்கு வழக்கம்போலத் தயங்கியது. அறுபது ஆண்டுப் பழக்கம் ஒரு மாலையில் அகலுமா? பின்னால் ஆள்கள் நின்றனர். மேசையில் இருந்தவரும் அவரே. உப்பளத்தில் வெடித்த பாதங்கள் இரண்டு என் நினைவில் வந்தன.

"ஐயா, பில் ஒன்று வேண்டும்" என்றேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் சொல்லாமல் அச்சிட்டுக் கொடுத்தார். என்னுடன் வந்த சிறுவன் அச்சீட்டை வாங்கி, "33 என்று தொடங்குகிறதே, தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். வீடு சேரும்வரை அவனுக்கு உரை கூறிக்கொண்டு நடந்தேன்.

கேட்பவனுக்கு நாணம் ஒரு நொடியே. கேளாமையால் வரும் நட்டமோ யாரோ ஒருவருக்கு ஓராண்டாகவும் நீளலாம். ஆதலின், கொடுக்க வேண்டியதை முழுதும் கொடுப்போம்; பெற வேண்டிய சீட்டை இன்சொல்லால் கேட்டுப் பெறுவோம்.